எங்க வீட்டு அலமாரி

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டுக்குப் பின்னால் சரிந்திறங்கும் சந்துகளுள் ஒன்றில், கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட மரவீடு ஒன்று இன்னும் நிற்கிறது. தூண், சுவர், தரை எல்லாமே மரம். இரண்டு அறைகள், ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு வராந்தா. வராந்தாவை ஒட்டிய அறையில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஓர் அலமாரி நிற்கிறது. கடந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், மழை இறங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அந்த வீட்டு மருமகள் அதற்கு வெள்ளை எனாமல் அடித்தாள்.

கணவன் அன்று திக்லிப்பூரில் இருந்தான். பஜாரில் ஓர் இரும்புச்சாமான் கடையில் கணக்கு எழுதுபவன் அவன். வடக்கு அந்தமானில் இருக்கும் சில்லறைக் கடைகளின் பாக்கியை வசூலிக்க மாதம் ஒருமுறை போய்வருவான். அவள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. தீவில் பழகியவர்கள் குறைவு. கைப்பேசியில் காணொளிகள் நிறைய. அவற்றில் எங்கோ ஓர் ஊரில் கணவனும் மனைவியுமாகப் பழைய மேசைகளையும் இழுப்பறைகளையும் தேய்த்து, வண்ணம் பூசி, புதுக் கைப்பிடி வைத்துப் பத்தே நிமிடத்தில் வேறொன்றாக்கிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் அலமாரி இருந்தது, தூரிகை இருந்தது; கணவன்தான் ஊரில் இல்லை. வந்து பார்க்கட்டும், மகிழ்ந்துபோவான் என்று தனியாகவே செய்து முடித்தாள்.

திங்கள் இரவு வந்தவன் விளக்கைப் போட்டான். பார்த்தான். "எங்க தாத்தா செஞ்ச அலமாரி இது. எங்க வீட்டு அலமாரிக்கு யாரைக் கேட்டு பெயிண்ட் அடிச்ச?" என்றான். அதற்குப்பின் நான்கு நாள்கள் அந்த வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசப்படவில்லை.

பெயிண்டைக் குறை சொன்னதை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கேட்காமல் செய்தது தவறு என்பது தூரிகையைக் கழுவும்போதே அவளுக்கு உறைத்திருந்தது. தொண்டையில் சிக்கிக்கொண்டது 'எங்க' என்ற சொல். தமிழ் தன்மைப் பன்மையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', 'நம்'. அவரை வெளியே நிறுத்தினால் 'நாங்கள்', 'எங்கள்'. இலக்கண நூலார் முதல்வகையை உளப்பாட்டுப் பன்மை என்பர். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் இந்த வேறுபாடு, வீட்டுக்குள் ஒரு கதவைப் போல வேலை செய்கிறது. மருமகளைப் பார்த்து 'எங்க வீட்டு வழக்கம்' என்று தொடங்கும் வாக்கியத்தின் முதற்சொல்லிலேயே செய்தி முடிந்துவிடும். மீதி வெறும் விவரம்.

அவன் தரப்பையும் சொல்லியாக வேண்டும். தீவுகளில் பிறந்து வளர்ந்த தமிழன் அவன். படித்தது இந்தி வழியில். வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லோரும் கூடும் அபர்டீன் பஜாரின் பொதுமொழி இந்தி. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை அவன் வாயில் புழங்குவது அதுதான். இந்தியில் அந்தப் பிரிவினை கிடையாது. 'ஹமாரா கர்' என்றால் எங்கள் வீடும் அதுதான், நம் வீடும் அதுதான். திராவிட மொழிகளிலேயே இன்றைய கன்னடம் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது. ஆகவே, மொழிகள் உரசும் இடத்தில் ஒருவன் 'நம்ம' என்று வரவேண்டிய இடத்தில் 'எங்க' என்று சொல்லிவிடுவது இயல்பே என்று மொழியியல் அவன் சார்பில் வாதாடலாம். 14 மாதங்கள் அந்த வீட்டில் சமைத்தவளிடம் அந்த வாதம் எடுபடாது. தவிரவும், 'தாத்தா செஞ்ச' என்று சேர்த்துச் சொன்னவனுக்குத் தான் எந்த 'எங்க'வைச் சொல்கிறோம் என்பது தெரிந்தேயிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் மாலை கடையிலிருந்து வரும்போது ஒரு சுரண்டியும், பெயிண்ட் உரிக்கும் மருந்து ஒரு டப்பாவும் கொண்டுவந்தான். "உரிச்சுப் பார்க்கலாமா?" என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் பழைய செய்தித்தாளை எடுத்துத் தரையில் விரித்தாள்.

வெள்ளை எளிதாக உரிந்தது. அடியிலிருந்த பூச்சை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் அதன் வழவழப்பின் மேலேயே அடித்திருந்தாள், பிடிப்பு இல்லை. பாம்புச் சட்டை போல நீளநீளமாகக் கழன்று வந்தது. அதன் கீழே அவன் சிறுவயது முதல் பார்த்துப் பழகிய பச்சை வந்தது. அரசாங்க அலுவலகக் கதவுகளில் பார்க்கும் அந்த மங்கிய பச்சை. அங்கேயே நிறுத்தியிருந்தால் சண்டைக்கு முன்பிருந்த அலமாரி திரும்பக் கிடைத்திருக்கும். அவள்தான் சுரண்டியின் முனையால் பச்சையில் ஒரு விரலகலம் கீறினாள். உள்ளே சிவப்பு. பெயிண்டின் சிவப்பு அன்று, மரத்தின் சிவப்பு.

தாத்தாவின் மரம் என்று எதற்காக நான்கு நாள் பேசாமல் இருந்தானோ அந்த மரத்தை அவனும் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தான்.

தாத்தா இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1950களில் கூலிக்கு வந்து, சாத்தம் மர அறுவை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நகரோடு பாலத்தால் இணைந்திருக்கும் சாத்தம் என்ற சிறுதீவில் 1883இல் ஆங்கிலேயர் தொடங்கிய ஆலை அது. அந்தமான் வனத்துறை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்தும், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் கையில் தீவுகள் இருந்த காலத்தைக் கடந்தும் ஆலை தொடர்ந்தது. காட்டில் யானைகள் இழுத்துவந்த கட்டைகள் கடல்வழியாக அங்கே வந்து சேர்ந்து பலகைகளாயின. அந்தப் பலகைகளில் பேர்பெற்றது படாக். அமெரிக்காவின் புல்மன் ரயில்பெட்டிகளுக்குள் இழைத்துப் பொருத்தப்பட்ட அதே மரம்.

படாக் என்பது பர்மியச் சொல். தீவுக் காடுகளின் மரப்பெயர்களில் பல அப்படித்தான். பைமா பர்மியம், கோக்கோ பர்மியம். ஆங்கிலேயரின் வனத்தொழில் பர்மாவில் முதலில் வேரூன்றியது. மரமறிந்த அதிகாரிகளும் தொழிலாளரும் அங்கிருந்து வந்தார்கள். 1925இல் மாயாபந்தர்ப் பக்கம் குடியேற்றப்பட்ட கரேன் மக்களும் காட்டுவேலைக்கே வந்தவர்கள். வந்தவர்கள் தங்கள் ஊர் மரத்தின் பெயரை இங்கிருந்த மரத்துக்கு வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கோக்கோ என்று தீவுத் தச்சர்கள் சொல்லும் மரம் தமிழ்நாட்டுச் சாலையோரத்து வாகைதான். படாக்கும் தமிழருக்கு முற்றிலும் அந்நியமன்று. வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் அது உறவு, ஒரே பேரினம். சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் வேங்கை பூத்தால் திருமணத்துக்குக் காலம் வந்துவிட்டது என்று பொருள். அந்தக் குடும்பத்து மரம் ஒன்று இங்கே ஒரு கல்யாண வீட்டில் பச்சைப் பெயிண்டுக்குள் பல்லாண்டுகள் நின்றிருக்கிறது.

அன்றிரவே இருவரும் தீர்மானித்துவிட்டார்கள்: பச்சையையும் முழுக்க எடுத்துவிடுவது.

இங்கே ஒரு செய்தியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்தக் காணொளிகள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுக்கான பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை, அதுவும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களை, உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசி மூச்சோடும், தரையில் தவழும் குழந்தையின் கையோடும் உள்ளே போகும். பக்கத்து வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை உண்டு. பாதி நேரம் இந்த வராந்தாவில்தான் இருக்கும். கடைக்காரனான அவனுக்கு இது அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அவள்தான் தேடிப்பிடித்து முழுதாகப் படித்தாள். மருந்து தடவி இளக்கிச் சுரண்டுவது, மிச்சத்தைத் தண்ணீர் தொட்டே தேய்ப்பது, ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டி எறிவது, பிள்ளையை அந்த நாள்களில் வராந்தாவுக்கு விடாதிருப்பது. மெதுவான வேலை. ஒரு கதவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் மழை இறங்கிவிட்டது.

வேறு எங்காவது என்றால் இவ்வளவுக்குப் பதில் ஒரு புது அலமாரி வாங்கியிருப்பார்கள் என்று தோன்றலாம். தீவின் கணக்கு வேறு. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை வைத்து உச்ச நீதிமன்றம் 2002 மே 7 அன்று இட்ட ஆணைக்குப் பிறகு இங்கே மரம் வெட்டுவது உள்ளூர்த் தேவையின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழங்குடியினர் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் அதுவுமில்லை. வெளியே அனுப்ப வெட்டுவது நின்றது. காடு பிழைப்பதற்கு அது தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. அதன் மறுபக்கமாக, தீவுக்காரன் வீட்டுக்கு மரத்தூள் பலகையில் செய்த கட்டிலும் பீரோவும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் மிதந்து வருகின்றன. இரண்டு பருவக்காற்றும் மாறிமாறிக் கொட்டி ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில் அந்தப் பலகை சில மழைக்காலங்களில் ஊதிப் பிதுங்கிவிடும். காட்டின் நடுவே குடியிருப்பவனுக்கு மரம் இறக்குமதிச் சரக்கு. எனவே இங்கே பழைய சாமானைப் புதுப்பிப்பதை ஒரு பொழுதுபோக்கு என்று சொல்ல நாக்கு எழாது. வீடு பிரிப்பவர்களிடம் பழைய பலகையைப் பேரம் பேசி வாங்குவதும், ஆணி பிடுங்கி நிமிர்த்தி மறுபடி அறைவதும் நடுத்தரக் குடும்பத்தின் வழக்கமான வேலை. அந்த வீட்டுச் சமையற்கட்டுத் தரையில் இற்றுப்போன கர்ஜன் பலகைகளையும் அவர்கள் அப்படித்தான் மாற்றினார்கள். ஜங்லிகாட்டில் பிரித்த ஒரு வீட்டின் பலகைகள். அது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துபோன வேலை, சண்டையில்லாமல்.

அலமாரிக்குத்தான் வழிகாட்ட ஆள் வேண்டியிருந்தது. கிடைத்தவர் எழுபது வயதைக் கடந்த வங்காளித் தச்சர். கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேற்றப்பட்ட குடும்பம். 'மிஸ்திரி தாதா' என்று பஜாரில் எல்லோரும் அழைப்பார்கள். கண் மங்கிவிட்டதால் வேலைக்குப் போவதில்லை. ஸ்டூலில் அமர்ந்து தேநீர் குடித்தபடி வழி சொல்வார். அவருடைய 'மிஸ்திரி'யும் நம் 'மேஸ்திரி'யும் போர்த்துகீசியரின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. அலமாரி, மேசை, ஜன்னல், சாவி என்று அவர்கள் கையிலிருந்த வேலை முழுவதுமே போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்களால் ஆனது. கருவிகள் மட்டும் ஆளுக்கொரு மொழி பேசின. அவள் 'இழைப்புளி' என்பாள். அவனுக்கும் தாதாவுக்கும் அது 'ரந்தா'. அவன் 'ரேக்மால்' என்றால் அவள் எழுந்துபோய் உப்புத்தாளை எடுத்துவருவாள். முதல் வாரம் இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். இப்போது அந்த வீட்டில் இழைப்பது ரந்தா, தேய்ப்பது உப்புத்தாள்.

இழைப்பதில் அவள் கை தேறியது எதிர்பாராதது. படாக்கின் இழைகள் ஒரு வரிசையில் ஒருபக்கமும் அடுத்த வரிசையில் எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து ஓடும்; ஒரே வீச்சில் இழைத்தால் பாதியில் செதில் பெயர்ந்துவிடும். அவன் வேகக்காரன், இரண்டு இடத்தில் பெயர்த்தான். அவள் தகட்டை மயிரிழை அளவுக்கு மட்டும் வெளியே தள்ளி, குறுக்குச் சாய்வாக, இட்லிமாவை வழிப்பதுபோல இழைத்தாள். "பஹூ கா ஹாத் அச்சா ஹை" என்றார் தாதா. படாக் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. வியர்வையில் பட்டால் கை குங்குமமாகும். ஜூன் முழுவதும் இரவுகளில் அந்த வீட்டில் இரண்டு பேர் மாறிமாறித் தும்மிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் முழுதும் படாக். கதவுகளின் நடுப்பலகைகள் வேறு மரம். பச்சை போனபின் அவை வெளிறிய தந்த நிறத்தில் சாம்பல் வரியோடு தெரிந்தன. வெள்ளைச் சுக்ளம் என்றார் தாதா, தடவிப்பார்த்தே. ஆலையில் கழித்துப்போட்ட துண்டுகளைச் சேர்த்துவைத்துச் செய்திருக்க வேண்டும்; ஒரே அகலத்தில் இரண்டு பலகை கூட அதில் இல்லை. சிவப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே எங்கும் ஆணி கிடையாது. துளையில் நாக்கைச் செருகி மூங்கில் முளை அறைந்திருந்தார். அந்தப் பலகைகளைக் கழற்றியபோது பின்புறம் பென்சில் எழுத்து இருந்தது. அவன் விளக்கைக் கிட்டே பிடித்தான், படிக்க இயலவில்லை. தமிழில் தன் பெயரையும் கடைப் பலகைகளையும் தவிர அவன் அதிகம் படித்தவனல்லன். பென்சில் எழுத்தோ மங்கலும் கிறுக்கலுமாக இருந்தது. அவள் வாங்கிப் பார்த்தாள்.

"மே இ. இதுல கீ வ. மேல் இடது, கீழ் வலது. எந்தப் பலகை எங்கன்னு குறிச்சு வச்சிருக்காங்க."

"இன்னொண்ணுல?"

"மே வ."

நான்கு பலகைகளையும் அவள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள், அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். தாத்தாவின் கையெழுத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. சம்பளப் பட்டியலில் அவர் வைத்தது கைநாட்டு என்றே வீட்டில் சொல்லக் கேட்டிருந்தான். எழுதத் தெரிந்தவர் ஏன் கைநாட்டு வைத்தார், அல்லது அப்படி யார் சொன்னார்கள் என்று கேட்க, ஹட் பேயில் மகள் வீட்டில் இருக்கும் தாய்க்குப் போன் போட்டான். அவளுக்கும் தெரியவில்லை. பேச்சு அலமாரிக்குத் திரும்பியது. பச்சையை உரித்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஒலிபெருக்கியில் மருமகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பச்சை நான் அடிச்சதுதானே," என்றாள் தாய்.

அவள் பிறந்தது இலங்கை மலையகத் தோட்டத்தில். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுள் ஒரு குடும்பத்துப் பெண். கச்சாலிலிருந்து கப்பலேறி இந்த மரவீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

"அந்த ரூம்ல ஜன்னலே ஒண்ணுதான். அலமாரி கரேல்னு ஆள் நிக்கிற மாதிரி நிக்கும். ராத்திரி எந்திரிச்சா பயமா இருக்கும். எதைத் தொட்டாலும் மாமா செஞ்சது, மாமா செஞ்சதும்பாங்க. நான் செஞ்சதுன்னு சொல்ல அந்த வீட்டுல ஒண்ணும் இல்ல. அதான் ஒருநாள் அடிச்சிட்டேன். உங்க அப்பா ஒரு வாரம் பேசல."

"தாத்தா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. கீழ் ஓரத்துல விட்டுப்போச்சுன்னு அவரே தூரிகை வாங்கி அடிச்சாரு."

மருமகள், "அத்தை, பச்சை நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். பொய்தான். அந்தப் பக்கம் கிழவி சிரித்தாள்.

பூசுவதும் உரிப்பதும் எல்லா ஊரிலும் இப்படித் தலைமுறை மாறி நடப்பதுதான் போலும். பிரிட்டனில் வீட்டு வேலையைத் தாமே செய்துகொள்ளும் பழக்கத்தைத் தொலைக்காட்சி வழியாகப் பரப்பியவர் பேரி பக்னெல். 1962இல் பிபிசிக்காக இலண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாரம்தோறும் புதுப்பித்துக் காட்டினார். விக்டோரியா காலத்துச் செதுக்குப் பலகைக் கதவுகளை ஹார்ட்போர்டு அறைந்து சமதளமாக்குவது அவர் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று. தூசி சேராது, பார்க்கவும் நவீனம். நாடெங்கும் கணவன் மனைவியர் வார இறுதிகளில் ஆணி அறைந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில் அதே கதவுகளிலிருந்து அதே பலகையைப் பிடுங்கி, பெயிண்டைச் சுரண்டி, பழமையை மீட்டுவிட்டதாக மகிழ்ந்தார்கள். மூடியவர்களை ரசனையற்றவர்கள் என்று ஏசுவது எளிது. இருண்ட அறைக்குள் புதிதாக வந்து சேர்ந்தவளுக்கு அந்தப் பச்சை எவ்வளவு வெளிச்சம் தந்திருக்கும் என்பது உரிப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஜூலையில் அவன் முறை வந்தது. பாலிஷ் தன் பொறுப்பு என்று முன்பே சொல்லியிருந்தான். செதில் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பந்தால் எட்டு எட்டாகத் தேய்த்துப் பூசும் பழைய முறை. தாதா, மழை போகட்டும் என்றார். கேட்கவில்லை. சட்டத்தில் தொடங்கி அதே துணிப்பந்தோடு நடுப்பலகைக்கு இறங்கினான். படாக்கின் சிவப்பு ஸ்பிரிட்டில் கரையும். அரக்கோடு சேர்ந்து துணியில் ஊறி, வெள்ளைச் சுக்ளத்தின் மேல் ரோஜா நிறத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவிற்று. அதோடு போகவில்லை. ஈரக்காற்றில் ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அரக்கில் படிந்து, மறுநாள் காலை அலமாரி முழுக்கப் பால் தெளித்ததுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். மே மாதத்தில் அவன் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. கேட்கவில்லை. "வெள்ளைதான் இதுக்குப் பிடிச்சிருக்கு போல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போனாள். அவனுக்கு அது திட்டியதைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

ஆறு மாதங்கள் அலமாரி அப்படியே பூத்துநின்றது. துணிமணிகள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குள். ஜனவரியில் காற்று உலர்ந்தபின் மீண்டும் தொடங்கினார்கள். இம்முறை தாதா சொன்ன வரிசையில்: முதலில் வெளிர்ப் பலகைகளுக்கு மட்டும் மெல்லிய பாலிஷ் பூசிக் காயவிட்டு அடைத்துவிடுவது, பிறகு வேறொரு துணிப்பந்தால் சிவப்புச் சட்டம், இரண்டையும் கலக்காமலிருப்பது. சட்டம் அவள், பலகை அவன். ரோஜாக் கறை முழுதும் போகவில்லை. இழைத்து எடுத்துவிடலாம் என்று அவள் ரந்தாவை எடுத்தாள். பலகையின் கனம் போய்விடும், பின்புறத்து எழுத்து இருக்கும் பலகை, வேண்டாம் என்று அவன் தடுத்தான். வலப்பக்க மேல்பலகையில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது.

பொங்கலுக்கு அவனுடைய பெரியப்பா வந்தார். வீட்டில் அவருக்கும் பங்குண்டு. இதை இடித்துவிட்டு இரண்டு மாடி எழுப்ப வேண்டும் என்று ஆண்டுக்கொருமுறை சொல்லிவிட்டுப் போவார். கட்டுமானச் செலவைக் கேட்டதும் பேச்சு அடங்கிவிடும். சுனாமிக்குக் காரணமான 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் இந்த வீடு ஆடி நின்றது, விழவில்லை என்று அவன் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவான். இந்த முறை அவர் அலமாரியின் முன் போய் நின்றார். சிவப்பைக் கையால் தடவினார். அவர் சிறுவனாக இருந்தபோது பார்த்த நிறம் அது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"எங்க அப்பா செஞ்சதுடா இது. யாருடா இதைச் சுரண்டினது?"

"நாங்க ரெண்டு பேரும்தான் பெரியப்பா," என்றான் அவன்.

சமையற்கட்டில் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு ஒரு வடை கூடுதலாக வைத்தாள்.

பின்னொரு நாள், எப்போதாவது ஊர்ப்பக்கம் குடிபோக நேர்ந்தால் இதைக் கொண்டுபோக முடியுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். மரச்சாமானைத் தீவிலிருந்து கப்பலேற்ற வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பென்சில் எழுத்தைத் தவிர இந்த அலமாரிக்கு வேறு ஆவணம் எதுவும் இல்லை. அப்படியானால் போகவேண்டாம் என்று அவன் சொன்னதாகவும், அது அலமாரியைப் பற்றியா ஊரைப் பற்றியா என்று அவள் திருப்பிக் கேட்டதாகவும் தெரிகிறது. முடிவாக ஏதும் பேசப்படவில்லை.

தீராத வேலை ஒன்று உண்டு. இடப்பக்கக் கதவின் கீழ்மூலை மழைக்காலத்தில் ஊதிச் சட்டத்தில் சிக்குகிறது. மழையில் இழைத்தால் கோடையில் மரம் சுருங்கிப் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும், ஜனவரி வரட்டும் என்கிறார் தாதா. ஜனவரி வந்தபோது கதவு வெண்ணெய்போல மூடித் திறந்தது; எங்கே இழைப்பது என்று தெரியாமல் ரந்தாவைத் திரும்ப வைத்துவிட்டார்கள். இப்போது மறுபடி மழை. சேலைகளும் சட்டைகளும் வலப்பக்கத் தட்டுகளில்தான் இருக்கின்றன.